நியூயார்க் வாடகை வீட்டில் உங்களுடன் யார் குடியிருக்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரிலிருந்து பெற்றோர் வந்து சில மாதம் தங்க வேண்டியிருக்கும். சித்தப்பா மகனுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கும். வாடகைச் சுமை தாங்காமல் அலுவலக நண்பர் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளலாமா என்ற எண்ணம் வரும். குவீன்ஸிலும் புரூக்ளினிலும் குடியிருக்கும் தமிழர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவைதாம். இந்தப் பதில்கள் நியூயார்க் மாநிலச் சட்டத்தையும் நியூயார்க் நகர விதிகளையும் பற்றியவை. ஹட்சன் ஆற்றைக் கடந்து நியூஜெர்சிக்குப் போனால் சட்டம் வேறு. "லீஸ்" என்ற சொல்லும் குழப்பம் தரக்கூடியது. சென்னையில் லீஸ் என்றால் ஒரு பெருந்தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு மாத வாடகையில்லாமல் குடியிருப்பது. இங்கே அது வெறும் வாடகை ஒப்பந்தம்.

ஒப்பந்தத்தில் என் பெயர் மட்டும் இருக்கிறது. என்னுடன் யாரையெல்லாம் வைத்துக்கொள்ளலாம்?

உங்களுடைய நெருங்கிய குடும்பத்தார், அவர்களுக்கு மேல் வேறு ஒருவர், அந்த ஒருவரைச் சார்ந்து வாழும் அவருடைய பிள்ளைகள் ஆகியோர் உங்களுடன் குடியிருக்கலாம். மாநிலத்தின் ரியல் ப்ராப்பர்ட்டி சட்டத்தின் 235-எஃப் பிரிவு இந்த உரிமையைத் தருகிறது. பேச்சு வழக்கில் இதை "ரூம்மேட் சட்டம்" என்பார்கள். வீட்டு உரிமையாளரின் சம்மதம் இதற்குத் தேவையில்லை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: நீங்களோ உங்கள் கணவரோ மனைவியோ அந்த வீட்டைத் தம் முதன்மை வசிப்பிடமாகக் கொண்டு உண்மையிலேயே அங்கே குடியிருக்க வேண்டும். நீங்கள் வேறு ஊரில் குடியேறிவிட்டு நண்பரை மட்டும் அங்கே விட்டுவைத்தால் அவர் ரூம்மேட் ஆகமாட்டார். அது உள்வாடகை, அதற்கு வேறு விதிகள்.

அந்த "ஒருவர்" தம் மனைவியையும் அழைத்து வந்தால் கணக்கு மாறிவிடும். சட்டம் அவருடைய பிள்ளைகளுக்குத்தான் இடம் தருகிறது, துணைக்குத் தரவில்லை. ஆகவே நண்பர் தம்பதியாக வந்தால் ஒருவர் உரிமையோடும் மற்றவர் உரிமையாளரின் இசைவோடும் இருப்பதாகத்தான் கொள்ள வேண்டும்.

"வாடகைதாரரும் அவர் குடும்பத்தாரும் மட்டுமே குடியிருக்கலாம்" என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேனே?

போட்டிருந்தாலும் அந்த வரி செல்லாது. 235-எஃப் தரும் உரிமையை ஒப்பந்தத்தின் மூலம் விட்டுக்கொடுக்க வைக்க முடியாது என்று அந்தப் பிரிவே கூறுகிறது.

இந்தச் சட்டம் பிறந்ததே அப்படிப்பட்ட ஒரு வரியால்தான். 1983-இல் ஹட்சன் வியூ ப்ராப்பர்ட்டீஸ் எதிர் வைஸ் என்ற வழக்கு மாநிலத்தின் உச்ச அமைப்பான மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. தாம் மணந்துகொள்ளாத ஒருவருடன் சேர்ந்து வாழ்ந்த பெண் வாடகைதாரரை, "குடும்பத்தார் மட்டும்" என்ற ஒப்பந்த வரியைக் காட்டி உரிமையாளர் வெளியேற்ற முனைந்தார். திருமண நிலையை வைத்துக் காட்டும் பாகுபாடு இது என்பது அந்தப் பெண்ணின் வாதம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இணையர் மணமானவரா இல்லையா என்பது இங்கே பொருட்டல்ல, அவர் குடும்ப உறுப்பினர் அல்லர் என்பதே ஒப்பந்தத்தை மீறியதாகும் என்று கூறிவிட்டது. தீர்ப்பைக் கேட்டு நகரமே அதிர்ந்தது என்றால் மிகையாகாது, ஏனென்றால் வாடகையைப் பங்கிட்டுக்கொள்ளும் நண்பர்களும், மணமாகாத இணையர்களும், துணைக்காக ஒன்றாக வாழும் முதியவர்களும் ஒரே நாளில் ஒப்பந்தத்தை மீறியவர்களாக ஆகியிருந்தார்கள். அதே ஆண்டிலேயே சட்டமன்றம் 235-எஃப் பிரிவை இயற்றியது. உறவில்லாதவர்கள் சிக்கனம், பாதுகாப்பு, துணை ஆகியவற்றுக்காகச் சேர்ந்து வாழ்கிறார்கள் என்பதைச் சட்டமன்றம் காரணமாகவே பதிவு செய்தது. எனவே மணமாகாமல் சேர்ந்து வாழ்வோருக்கான பதிலும் இதிலேயே அடங்கிவிட்டது: உங்கள் இணையர் அந்த "வேறு ஒருவர்" என்ற இடத்தில் உரிமையோடு அமர்கிறார்.

"நெருங்கிய குடும்பம்" என்றால் யார்? சித்தப்பா மகன் எனக்குத் தம்பிதானே?

நம் வழக்கில் தம்பிதான். நியூயார்க் கணக்கில் அல்ல. தமிழர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

235-எஃப் பிரிவு "நெருங்கிய குடும்பம்" என்ற சொல்லை வரையறுக்காமல் விட்டிருக்கிறது. வாடகை நிலைப்படுத்தல் (வாடகை உயர்வுக்கு அரசு வரம்பு வைக்கும் ஏற்பாடு) விதிகளில் உள்ள உறவுப் பட்டியலை ஒரு பாதுகாப்பான அளவுகோலாகக் கொள்ளலாம். கணவன், மனைவி, மகன், மகள், தாய், தந்தை, உடன்பிறந்தவர்கள், தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி, மாமனார், மாமியார், மருமகன், மருமகள், மாற்றாந்தாய், மாற்றாந்தந்தை, துணையின் முந்தைய உறவில் பிறந்த பிள்ளைகள் ஆகியோர் அதில் இருக்கிறார்கள். அத்தை, மாமா, சித்தி, பெரியப்பா ஆகியோரும், உடன்பிறந்தவர்களின் பிள்ளைகளும் 1997-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத் திருத்தம் வரை அந்தப் பட்டியலில் இருந்தார்கள். அந்த ஆண்டு நீக்கப்பட்டார்கள். பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா பிள்ளைகளுக்கு அதில் இடமில்லை. நாத்தனாரும் மைத்துனரும் கொழுந்தனாரும்கூட அதில் இல்லை என்பதைக் கேட்டு நம்மவர்கள் நம்ப மறுப்பார்கள்.

இதனால் சித்தப்பா மகனை வீட்டில் சேர்க்கக் கூடாது என்று பொருளில்லை. ஒப்பந்தத்தில் உங்கள் பெயர் மட்டும் இருந்தால், அவர் "வேறு ஒருவர்" என்ற இடத்தில் வந்துவிடுவார். அவரோடு அவருடைய தங்கையும் வருவதாக இருந்தால்தான் இடம் போதாது. உரிமையாளருக்கு எழுதும் கடிதத்தில் அவரை "என் தம்பி" என்று குறிப்பிட்டுவிடாதீர்கள். பொய் சொல்லும் எண்ணம் உங்களுக்கு இருக்காது. ஆனால் நாளை வழக்கு என்று வந்தால், பெற்றோர் பெயர்கள் வேறு வேறாக இருக்கும் இரண்டு கடவுச்சீட்டுகளை வைத்துக்கொண்டு நீதிபதியிடம் தமிழ் உறவுமுறையை விளக்கும் நிலை வரும்.

ஒப்பந்தத்தில் கணவன், மனைவி இருவர் பெயரும் இருக்கிறது. ஒரு நண்பரைச் சேர்த்துக்கொள்ளலாமா?

உரிமையாக முடியாது. இரண்டு பெயர் இருப்பதால் உரிமையும் கூடியிருக்கும் என்றே பலரும் நினைக்கிறார்கள்; இங்கே அது குறைகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட வாடகைதாரர்கள் ஒப்பந்தத்தில் இருந்தால், வீட்டில் இருக்கும் வாடகைதாரர்களும் ரூம்மேட்களும் சேர்ந்து ஒப்பந்தத்தில் உள்ள பெயர்களின் எண்ணிக்கையைத் தாண்டக் கூடாது. இரண்டு பெயர், இரண்டு பேரும் வீட்டில் இருக்கிறீர்கள், மூன்றாமவருக்கு இடமில்லை. குடும்பத்தாரும், ரூம்மேட்டைச் சார்ந்த பிள்ளைகளும் இந்த எண்ணிக்கையில் சேரமாட்டார்கள்.

அதே வீட்டில் ஒருவர் பெயர் மட்டும் இருந்திருந்தால், மற்றவர் குடும்பத்தார் என்ற வகையிலும், நண்பர் கூடுதல் ஒருவர் என்ற வகையிலும் இருந்திருப்பார்கள். அதற்காக ஒருவர் பெயரை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஒப்பந்தத்தில் பெயர் இருப்பவருக்கு வீட்டின் மீது சொந்த உரிமை இருக்கிறது. மணவாழ்க்கையில் பிணக்கு வந்தாலோ ஒருவர் இறந்துவிட்டாலோ அதன் மதிப்பு தெரியும். ரூம்மேட் கொடுக்கும் பாதி வாடகைக்காக அதை விடுவது நல்ல பேரம் ஆகாது.

நண்பர்கள் மூவர் சேர்ந்து எடுத்த வீட்டில் ஒருவர் காலி செய்து போனால், அவர் இடத்தில் இன்னொருவரை மற்ற இருவரும் சேர்த்துக்கொள்ளலாம். எண்ணிக்கை மூன்றைத் தாண்டாதவரை சிக்கல் இல்லை.

உரிமையாளரிடம் தெரிவிக்க வேண்டுமா?

வேண்டும். ரூம்மேட் குடிவந்த 30 நாட்களுக்குள், அல்லது உரிமையாளர் கேட்ட 30 நாட்களுக்குள், அவருடைய பெயரைத் தெரிவிக்க வேண்டும். இது அனுமதி கோரும் விண்ணப்பம் அல்ல, தகவல் மட்டுமே. எனவே ஒரு மின்னஞ்சலோ பதிவுத்தபாலோ போதும், ஆனால் நகலை வைத்துக்கொள்ளுங்கள். "ஆள் கூடிவிட்டது, அட்வான்ஸைக் கூட்டுங்கள்" என்று உரிமையாளர் கேட்டால், 2019 முதல் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்வைப்புத் தொகை வாங்கச் சட்டம் இடம் தரவில்லை என்பதை நினைவூட்டலாம். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்களுக்கு இது நம்ப முடியாத நல்ல செய்தி.

பெற்றோர் ஆறு மாதத்துக்கு வருகிறார்கள். முன்கூட்டியே சம்மதம் வாங்க வேண்டுமா?

வேண்டியதில்லை. உங்கள் பெற்றோரும் துணையின் பெற்றோரும் நெருங்கிய குடும்பத்தார். விருந்தினருக்கு நாள் வரம்பு விதிக்கும் ஒப்பந்த வரிகளைக் கொண்டு அவர்களைத் தடுக்க முடியாது. பேரப்பிள்ளை பிறக்கும் நேரத்தில் இரு பக்கத்துப் பெற்றோரும் ஒரே சமயத்தில் வந்தாலும் சட்டம் அதேதான். கீழே சொல்லப்படும் இடப்பரப்பு விதி மட்டும் பொருந்தும். பார்வையாளர் விசாவில் வருபவர்களின் குடிவரவு நிலையைக் காரணம் காட்டி வீட்டு விஷயத்தில் வேறுபாடு காட்டுவதை நியூயார்க் நகர மனித உரிமைச் சட்டம் தடை செய்கிறது.

ஒரு வீட்டில் அதிகபட்சம் எத்தனை பேர் இருக்கலாம்?

உறவு எதுவாக இருந்தாலும் மீற முடியாத வரம்பு இது ஒன்றுதான். நகரத்தின் வீட்டுப் பராமரிப்பு விதிப்படி ஒருவருக்குக் குறைந்தது 80 சதுர அடி வாழிடம் இருக்க வேண்டும். வீட்டின் மொத்த வாழிடப் பரப்பை 80-ஆல் வகுத்தால் கிடைக்கும் எண்ணே உச்சவரம்பு. சமையலறையைக் கணக்கில் சேர்க்கலாம். குளியலறை, கழிப்பறை, வீட்டுக்குள் இருக்கும் நடைவழி, முன்கூடம் ஆகியவற்றைச் சேர்க்கக் கூடாது. கணக்கில் வரும் பரப்பு 480 சதுர அடி என்றால் ஆறு பேர். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குச் சலுகை உண்டு: சட்டப்படி குடியிருக்கக்கூடிய ஒவ்வோர் இரண்டு பேருக்கும் அப்படி ஒரு குழந்தையைக் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். ஒருவர் மட்டுமே குடியிருக்கக்கூடிய சிறு வீட்டிலும் ஒரு குழந்தை இருக்கலாம்.

இதைவிடப் பெரிய ஆபத்து, ஒரே வீட்டைப் பலகைச் சுவர்களால் பல அறைகளாகத் தடுத்து, அறைக்கு ஒருவரிடம் வாடகை வாங்குவதில் இருக்கிறது. தீப்பிடித்தால் வெளியேற வழியிருக்காது. குவீன்ஸில் மலிவாகக் கிடைக்கிறது என்று நிலவறையில் அறை எடுப்பவர்களும் யோசிக்க வேண்டும். 2021 செப்டம்பர் 1 இரவு ஐடா புயலின் எச்சமாகப் பெய்த மழையில் நகரத்தின் நிலவறை வீடுகளில் 11 பேர் இறந்தார்கள், பெரும்பாலானோர் குவீன்ஸ்வாசிகள்.

ரூம்மேட்டிடம் எவ்வளவு வாடகை வாங்கலாம்?

உங்கள் வீடு வாடகை நிலைப்படுத்தல் விதிகளுக்கு உட்பட்டதாக இருந்தால், அவருடைய விகிதப் பங்குக்கு மேல் வாங்கக் கூடாது. சட்டப்படியான வாடகையை, ஒப்பந்தத்தில் உள்ள வாடகைதாரர்களும் குடியிருக்கும் ரூம்மேட்களும் சேர்ந்த எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். வகுக்கும்போது வாடகைதாரரின் துணை, குடும்பத்தார், ரூம்மேட்டின் பிள்ளைகள் ஆகியோரைச் சேர்ப்பதில்லை. வாடகை 2,400 டாலர், நீங்களும் மனைவியும் ஒரு ரூம்மேட்டும் இருக்கிறீர்கள், ஒப்பந்தத்தில் உங்கள் பெயர் மட்டும் என்றால் ரூம்மேட்டின் பங்கு 1,200 டாலர் வரை போகலாம். மூன்றில் ஒரு பங்குதான் நியாயம் என்று அவர் சொன்னால், நியாயம் அவர் பக்கம் இருக்கலாம். விதி உங்கள் பக்கம் இருக்கிறது. அதற்கு மேல் வாங்கினால் அவர் மாநில வீட்டுவசதித் துறையிடம் முறையிடலாம். ரூம்மேட் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் முழு வாடகைக்கும் உரிமையாளரிடம் பொறுப்பேற்றிருப்பவர் நீங்கள்தான்.

எட்டு மாதம் ஊருக்குப் போகிறேன். அதுவரை வீட்டை ஒருவருக்கு விட்டுவிட்டுப் போகலாமா?

நீங்களும் குடும்பத்தாரும் இல்லாத வீட்டில் வேறொருவர் வாடகைக்கு இருப்பது உள்வாடகை. இதற்கு உரிமையாளரின் சம்மதம் கட்டாயம். ஆனால் நான்கோ அதற்கு மேற்பட்ட வீடுகளோ உள்ள கட்டடங்களில் அவர் காரணமில்லாமல் மறுக்க முடியாது என்று 226-பி பிரிவு சொல்கிறது. ஒப்புகையுடன் கூடிய பதிவுத்தபாலில் நீங்கள் கோரிக்கை அனுப்ப வேண்டும். உள்வாடகைக்கு வருபவரின் பெயரும் முகவரிகளும், எவ்வளவு காலம், என்ன காரணம், அந்தக் காலத்தில் நீங்கள் இருக்கப்போகும் முகவரி, ஒப்பந்தத்தில் வேறு பெயர்கள் இருந்தால் அவர்களுடைய எழுத்துச் சம்மதம், உள்வாடகை ஒப்பந்தத்தின் நகல் ஆகியவை அதில் இருக்க வேண்டும். மேற்கொண்டு விவரம் வேண்டுமானால் உரிமையாளர் 10 நாட்களுக்குள் கேட்க வேண்டும். கோரிக்கையோ கூடுதல் விவரமோ, எது பிந்தி அனுப்பப்பட்டதோ அதிலிருந்து 30 நாட்களுக்குள் அவர் பதில் தராவிட்டால், சம்மதித்ததாகவே சட்டம் கருதும். கோரிக்கையே அனுப்பாமல் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனால் இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது.

வாடகை நிலைப்படுத்தப்பட்ட வீடு என்றால் நான்காண்டுக் காலத்தில் மொத்தம் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உள்வாடகைக்கு விட முடியாது; திரும்பி வரும் எண்ணமும் உங்களுக்கு இருக்க வேண்டும். மேசை, கட்டிலோடு முழுவதும் தளவாடமிட்டு விட்டால் மட்டும் சட்டப்படியான வாடகைக்கு மேல் 10 விழுக்காடு வாங்கலாம்.

ஓர் அறையைச் சுற்றுலா வருபவர்களுக்கு நாள் கணக்கில் விடலாமா?

30 நாட்களுக்குக் குறைவாக விடுவதற்கு நகரத்தில் பதிவு எண் பெற வேண்டும். 2022-ஆம் ஆண்டின் 18-ஆம் உள்ளூர்ச் சட்டம் 2023 செப்டம்பர் முதல் நடைமுறைப்படுத்தப்படுகிறது. வந்து தங்குபவர்கள் இருவருக்கு மேல் இருக்கக் கூடாது, அவர்கள் தங்கும் நாட்களில் நீங்களும் அந்த வீட்டிலேயே தங்க வேண்டும். வாடகை நிலைப்படுத்தப்பட்ட வீடுகளுக்குப் பதிவு எண் கிடைக்காது. ஏர்பிஎன்பி வழியாக விட்டு மாட்டிக்கொண்டால் நீங்கள் இழப்பது அறை வாடகையை அல்ல, வீட்டை.

ரூம்மேட் வெளியேற மறுக்கிறார். பூட்டை மாற்றிவிடலாமா?

கூடாது. 30 நாட்கள் தொடர்ந்து குடியிருந்த எவரையும் நீதிமன்ற ஆணை இல்லாமல் வெளியேற்றுவது குற்றம். பூட்டை மாற்றுவது, மின்சாரத்தைத் துண்டிப்பது, பெட்டி படுக்கையை வெளியே வைப்பது எல்லாம் இதில் அடங்கும். வழக்குத் தொடரப்படுவதோடு, ஒவ்வொரு மீறலுக்கும் 1,000 முதல் 10,000 டாலர் வரை அபராதமும் விதிக்கப்படலாம். எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்துவிட்டு வீட்டுவசதி நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். உரிமையாளர் உங்களை இப்படி வெளியேற்ற முடியாது என்பது எவ்வளவு உண்மையோ, நீங்கள் ரூம்மேட்டை வெளியேற்ற முடியாது என்பதும் அவ்வளவு உண்மை. "என் பெயரில் உள்ள வீடு" என்ற கோபத்தில் இதை மறப்பவர்கள் அதிகம்.

வாடகைதாரர் போய்விட்டாலோ இறந்துவிட்டாலோ கூட இருந்தவருக்கு வீடு கிடைக்குமா?

ரூம்மேட்டாக மட்டும் இருந்தவருக்குக் கிடைக்காது. வாடகைதாரர் வெளியேறிய பின் தொடர்ந்து குடியிருக்கும் உரிமை அவருக்கு இல்லை என்று 235-எஃப் பிரிவே சொல்லிவிடுகிறது. ஆனால் வாடகைக் கட்டுப்பாட்டுக்கோ (நிலைப்படுத்தலுக்கு முந்தைய பழைய ஏற்பாடு) நிலைப்படுத்தலுக்கோ உட்பட்ட வீடுகளில் குடும்ப உறுப்பினருக்குத் தொடர்ச்சி உரிமை உண்டு. வாடகைதாரர் இறப்பதற்கோ நிரந்தரமாக வெளியேறுவதற்கோ முன் இரண்டு ஆண்டுகள் அவருடன் அந்த வீட்டையே முதன்மை வசிப்பிடமாகக் கொண்டிருந்திருக்க வேண்டும். 62 வயது நிறைந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஓராண்டு போதும். படிப்புக்காகவோ மருத்துவமனையிலோ இருந்த காலம் இந்தத் தொடர்ச்சியை அறுப்பதில்லை.

குடும்பம் என்றால் யார் என்ற கேள்விக்கு இந்த இடத்தில்தான் நியூயார்க் வேறொரு பதிலையும் சொன்னது. மிகேல் பிராஷி, லெஸ்லி பிளான்சார்ட் என்ற இரு ஆண்கள் மன்ஹாட்டன் வீடொன்றில் பத்தாண்டுக்கும் மேலாகத் தம்பதியாக வாழ்ந்தார்கள். ஒப்பந்தத்தில் பிளான்சார்டின் பெயர் மட்டுமே இருந்தது. 1986-இல் அவர் இறந்ததும் பிராஷியைக் காலி செய்யச் சொன்னார்கள். 1989-இல் தீர்ப்பளித்த மேல்முறையீட்டு நீதிமன்றம், திருமணச் சான்றிதழோ தத்துப் பத்திரமோ மட்டும் குடும்பத்தை முடிவு செய்வதில்லை என்று கூறியது. எவ்வளவு காலம் ஒன்றாக வாழ்ந்தார்கள், பணத்தாலும் மனத்தாலும் ஒருவருக்கொருவர் எவ்வளவு கட்டுப்பட்டிருந்தார்கள், அன்றாட வாழ்வை எப்படி நடத்தினார்கள், பிறர் முன் தங்களை எப்படிக் காட்டிக்கொண்டார்கள் என்பதையெல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றது. அந்த அளவுகோல் பின்னர் விதிகளிலும் ஏறிவிட்டது. பட்டியலில் இல்லாத அத்தையும், சித்தப்பா மகனும்கூட இந்த வழியாக வர முடியும். ஆனால் ஒரே வீட்டில் இருந்தோம், உறவு உண்டு என்பது மட்டும் போதாது. கூட்டு வங்கிக்கணக்கு, ஒருவர் மற்றவரை நியமித்த அதிகாரப் பத்திரம், உயில், காப்பீட்டில் இட்ட பெயர், அந்த முகவரிக்கு வந்த கடிதங்கள் போன்ற தாள்களை எடுத்து வைக்க வேண்டியிருக்கும்.

அரசின் பொதுக் குடியிருப்பில் இருக்கிறேன். இதே விதிகள்தானா?

அல்ல. நகர வீட்டுவசதி ஆணையத்தின் குடியிருப்புகளில் நிரந்தரமாக ஒருவரைச் சேர்ப்பதற்கு, அவர் பெற்ற மகனே ஆனாலும், எழுத்து மூலம் முன்அனுமதி பெற வேண்டும். வாடகையே குடும்ப வருமானத்தைப் பொறுத்து அமைவதால், சேர்பவரின் வருமானமும் கணக்கில் வரும். அனுமதி பெறாமல் கூட இருந்தவர், எத்தனை ஆண்டு இருந்தாலும், பின்னால் அந்த வீட்டைக் கோருவது மிகவும் கடினம். எனவே படிவத்தைக் கட்டட அலுவலகத்தில் கொடுத்து, கொடுத்ததற்கான முத்திரையிட்ட நகலை வாங்கிக்கொண்ட பிறகே பெட்டியை உள்ளே கொண்டுவரச் சொல்லுங்கள்.